அனுப்பியாயிற்று, அப்புறம்?

நெய்வேலி அனல்மின் நிலையங்களின் கட்டுப்பாட்டு அறைகளுக்கு நொடிதோறும் வந்து சேரும் மிக முக்கியமான செய்தியை யாரும் அனுப்புவதில்லை. மீட்டரில் 49.97, 50.02, 49.95 என்று ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் அந்த எண் மின்தொகுப்பின் அலைவெண். நாட்டின் மொத்த மின் உற்பத்தியும் மொத்தத் தேவையும் சமமாக இருந்தால் அது 50 ஹெர்ட்ஸில் நிற்கும். தேவை மிஞ்சினால் இறங்கும், உற்பத்தி மிஞ்சினால் ஏறும். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்மண்டலம் மற்ற மண்டலங்களோடு இணைந்ததிலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே எண்தான். சத்தீஸ்கரில் எங்கோ 500 மெகாவாட் யூனிட் ஒன்று டிரிப் ஆனால், அந்தத் தகவல் தொலைபேசியில் வருவதற்கு வெகு முன்பே நெய்வேலி டர்பைனின் சுழற்சியில் தெரிந்துவிடும். நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும் டர்பைன் இம்மியளவு தளரும். அதைக் கவனித்துக்கொண்டே இருக்கும் கவர்னர் என்ற கருவி நீராவி வால்வைக் கொஞ்சம் திறந்துவிடும். செய்தியில் முகவரி இல்லை, பெறுநர் பட்டியல் இல்லை, 'கிடைத்தது' என்று யாரும் பதில் போடுவதும் இல்லை. இருந்தும் இந்தியாவிலேயே மிகவும் நம்பத்தகுந்த தகவல் தொடர்பு இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

அதே அறையில் வேறு வழிகளிலும் செய்தி வந்துபோகிறது. நாளை எவ்வளவு உற்பத்தி செய்ய முடியும் என்பதை நிலையம் முன்கூட்டியே பெங்களூரிலுள்ள தென்மண்டல மின்சுமை மையத்துக்கு அறிவிக்க வேண்டும். பதிலாக அங்கிருந்து ஒரு ஷெட்யூல் வரும்: ஒரு நாளைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாக 96 பிளாக் ஆக்கி, எந்த பிளாக்கில் எத்தனை மெகாவாட் என்று எழுதிய அட்டவணை. இதை வந்த நொடியில் படிக்க வேண்டியதில்லை. உரிய பிளாக் தொடங்குமுன் பார்த்தால் போதும். இன்னொரு பக்கம், யூனிட்டின் உற்பத்தி, வோல்டேஜ், பிரேக்கர் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்ற விவரங்கள் சில நொடிகளுக்கு ஒருமுறை இடைவிடாமல் பெங்களூருக்குப் போய்க்கொண்டிருக்கும். அதில் ஒரு அளவீடு வழியில் தொலைந்தால் யாரும் தேட மாட்டார்கள், அடுத்தது வந்துவிடும். ஆனால் ஒரு மின்பாதையைத் திறக்கவோ, பராமரிப்பு முடிந்து மறுபடி மின்னேற்றவோ வேண்டுமென்றால் கதை வேறு. மையம் அதற்கென ஒரு கோட் எண் கொடுக்க வேண்டும். சொன்னதைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். இருபுறமும் நேரத்தோடு லாக் புத்தகத்தில் ஏற வேண்டும். அந்தப் பாதையில் ஒரு லைன்மேன் ஏறி நிற்கக்கூடும் என்பதால்தான் இத்தனை கெடுபிடி. ஆக ஒரே அறையில் நான்கு விதமான செய்தி. ஒன்றுக்குரிய வழியில் இன்னொன்றை அனுப்புவது அங்கே யாருக்கும் கனவிலும் தோன்றாது.

இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம், நம் அன்றாட வாழ்க்கையை நடத்துகிற மென்பொருள்களுக்குள் நடப்பதும் இதுதான், ஆனால் அங்கே இந்தத் தெளிவு இல்லை. வங்கிச் செயலி, ரேஷன் கடை இயந்திரம், மின்கட்டண இணையதளம், பேருந்து முன்பதிவு என எதை எடுத்தாலும் அது ஒரே நிரல் அல்ல, ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் பல சிறு நிரல்களின் கூட்டம். அந்தப் பரிமாற்றத்தைக் கவனித்துக்கொள்ளவே தனி மென்பொருள் அடுக்குகள் இருக்கின்றன. ராபிட்எம்க்யூ, காஃப்கா, எம்க்யூடிடி போன்ற பெயர்களைச் சென்னையிலும் கோவையிலும் உள்ள ஐ.டி. ஊழியர்கள் அன்றாடம் உச்சரிக்கிறார்கள். அவை நிரலாளர் முன் வைக்கிற தேர்வுகளும் கிட்டத்தட்ட நெய்வேலி அறையில் பார்த்தவைதான். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்கலாம். போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகலாம். இன்னார் என்றில்லாமல், கேட்க விரும்புகிற எல்லோருக்கும் பொதுவாக அறிவிக்கலாம். பெறுபவர் தூங்கினாலும் பரவாயில்லை என்று ஒரு க்யூவில் பத்திரமாக வைத்துவிட்டு வரலாம். சாதாரணத் தபாலுக்கும் ஒப்புகை அட்டையோடு போகும் பதிவுத் தபாலுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த எவருக்கும் இவை புரியும். கடினமானது எதை எங்கே பயன்படுத்துவது என்பதுதான். நான் பார்த்தவரை அந்த முடிவு பெரும்பாலும் எழுதச் சுலபமானது எது என்ற கேள்வியால் தீர்மானிக்கப்படுகிறது. எழுதச் சுலபமானது எப்போதும் போட்டுவிட்டுப் போவதுதான்.

எம்க்யூடிடி பிறந்த இடத்தைக் கவனித்தால் அதன் வடிவம் விளங்கும். 1999-இல் ஐபிஎம்மைச் சேர்ந்த ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் அதை வகுத்தது எண்ணெய்க் குழாய்ப் பாதைகளைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்கு. இணைப்பு விலையுயர்ந்தது, அடிக்கடி அறுந்துபோவது. அதனால் ஒவ்வொரு செய்திக்கும் மூன்று தரம் வைத்தார்கள்: வந்தால் வரட்டும், போனால் போகட்டும் என்பது ஒன்று, குறைந்தது ஒருமுறையாவது சேர வேண்டும், இரண்டு முறை சேர்ந்தாலும் பரவாயில்லை என்பது இன்னொன்று, சரியாக ஒரே ஒருமுறை சேர வேண்டும் என்பது மூன்றாவது. இதைவிட எனக்குப் பிடித்தது அதிலுள்ள உயில் ஏற்பாடு. ஒரு கருவி இணையும்போதே, 'நான் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனால் இதை எல்லோருக்கும் அறிவித்துவிடு' என்று ஒரு செய்தியை நடுவில் இருக்கும் சர்வரிடம் கொடுத்து வைக்கும். நெய்வேலி சுரங்கத்தை நினைத்துப் பாருங்கள். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு இருக்கிற ஊற்றுநீரின் விசையைக் குறைக்க அங்கே இரவும் பகலும் பம்புகள் ஓடியாக வேண்டும். இல்லையென்றால் சுரங்கத்தின் தரையே பிளந்து நீர் மேலே வரும். அப்படிப்பட்ட இடத்தில் 'பம்ப் ஓடுகிறது' என்ற செய்தியைவிட, அந்தச் செய்தி வராமல் போனதை யார், எத்தனை நிமிடத்தில் கவனிக்கிறார்கள் என்பதே முக்கியம். மௌனத்தையும் செய்தியாக்குகிற ஏற்பாடு இல்லாத கண்காணிப்பு, நல்ல நாளில் மட்டும் வேலை செய்யும் கண்காணிப்பு.

என் வாதம் இதுதான். ஒரு செய்திக்கு எந்த வழி பொருத்தம் என்பதை அதன் வேகமோ செலவோ தீர்மானிக்கக் கூடாது. செய்தி போய்ச் சேர்ந்து விளைந்த பலன் அனுப்பியவருக்கு எந்தப் பாதையில் திரும்பி வருகிறது என்பதே அளவுகோலாக இருக்க வேண்டும். அலைவெண்ணுக்கு ஒப்புகை தேவையில்லாமல் இருப்பது அது எளிமையானது என்பதால் அல்ல. நெய்வேலியின் கவர்னர் வால்வைத் திறந்தால், அந்தத் திறப்பே அலைவெண்ணை மேலே தள்ளுகிறது. கேட்டவர்கள் செயல்பட்டார்களா என்ற பதில் அதே மீட்டரில், சில நொடிகளில், எல்லோருக்கும் தெரிகிறது. வட்டம் தானாக மூடிக்கொள்கிறது. வட்டம் தானாக மூடாத இடங்களில் நாம்தான் அதை மூடியாக வேண்டும், அதற்குத்தான் ஒப்புகையும் லாக் புத்தகமும் கோட் எண்ணும். முழு நிச்சயம் எந்த வழியிலும் கிடைக்காது என்பது வேறு விஷயம். நம்பகமில்லாத பாதையில் எத்தனை தூதுவர்களை அனுப்பினாலும் இரு தரப்பும் ஒரே முடிவில் இருக்கிறோம் என்ற உறுதியை எட்ட முடியாது என்று கணினி அறிவியலாளர்கள் 1970-களிலேயே காட்டிவிட்டார்கள். கடைசி ஒப்புகை போய்ச் சேர்ந்ததா என்ற சந்தேகம் எப்போதும் எஞ்சும். ஆகவே 'கட்டாயம் சேருமா?' என்பது பயனற்ற கேள்வி. 'சேராவிட்டால் யாருக்கு, எப்போது தெரியும்?' என்பதுதான் கேட்க வேண்டியது.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2021 மார்ச் 8 காட்டியது. வணிகக் குறுஞ்செய்திகளில் மோசடியைத் தடுக்க, நிறுவனங்கள் அனுப்பும் ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸின் வாசகமும் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்ட மாதிரியோடு பொருந்த வேண்டும் என்ற விதியைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அன்று முழுமையாக அமலுக்குக் கொண்டுவந்தது. பொருந்தாதவை வழியிலேயே தடுக்கப்பட்டன. வங்கி ஓடிபி வரவில்லை, ஆதார் ஓடிபி வரவில்லை. தடுப்பூசிக்கான கோவின் பதிவு தொடங்கி சில நாட்களே ஆகியிருந்த நேரத்தில் அதற்கான ஓடிபியும் வரவில்லை. மறுநாளே டிராய் விதியை ஒரு வாரத்துக்கு நிறுத்திவைத்தது. விதி நல்லது, இன்றும் தேவையானது. அன்று அம்பலமானது வேறொன்று. ஓடிபி என்பது ஆளை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு அனுப்பும் செய்தி, காத்திருந்து பதில் பெறும் வகையைச் சேர்ந்தது. அதை நாடு முழுக்க, போட்டுவிட்டுப் போகும் வழியில் அனுப்பிக்கொண்டிருந்தோம். அனுப்புகிற சர்வர் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் ஒப்படைத்ததோடு தன் வேலை முடிந்ததாக நினைத்தது. தடுக்கப்பட்டதை அதனிடம் திரும்பச் சொல்லவும், சொன்னால் வேறு வழியில் முயலவும் ஏற்பாடு செய்திருந்தவர்கள் குறைவு. செய்தி கிடைக்கவில்லை என்பதை முதலில் அறிந்தவர் வரிசையில் நின்ற வாடிக்கையாளர்தான்.

சரி, எல்லாவற்றுக்கும் ஒப்புகை கேட்டுவிட்டால் தீர்ந்ததா என்று கேட்கலாம். தீராது. அதற்கும் மின்துறையே சாட்சி. 2012 ஜூலை 30 அதிகாலையில் வடமண்டல மின்தொகுப்பும், மறுநாள் பிற்பகலில் வட, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்கள் மூன்றும் சரிந்தன. குறைந்தது அறுபது கோடி பேர் வாழும் பரப்பு இருளில் மூழ்கியது. அப்போது தனி அலைவெண்ணில் இயங்கிய தென்மண்டலம் தப்பியது. மத்திய மின்சார ஆணையத் தலைவர் தலைமையிலான விசாரணைக் குழு சுட்டிய காரணங்களில் ஒன்று நம் விஷயத்துக்கு நேராக வருகிறது: அளவுக்கு மீறி எடுக்கும் மின்சாரத்தைக் குறைக்கும்படி மண்டல மையங்கள் கொடுத்த உத்தரவுகளுக்கு மாநில மையங்கள் போதிய அளவு செவிசாய்க்கவில்லை. உத்தரவு போய்ச் சேர்ந்தது. காகிதப்படி குறை ஒன்றுமில்லை. கிடைத்தது என்பதும் செய்தேன் என்பதும் ஒன்றல்ல என்பதை அந்த இரண்டு நாட்கள் காட்டின. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சரிவுக்குச் சற்றுமுன் அலைவெண் 50-க்கு அருகில்தான் இருந்தது. மொத்த உற்பத்தியும் மொத்தத் தேவையும் ஏறக்குறைய பொருந்தியிருந்தன. நெருக்கடி பீனா – குவாலியர் என்ற ஒரு 400 கிலோவோல்ட் பாதையில் இருந்தது. நாடு முழுவதும் கேட்கிற பொது அறிவிப்பில் அந்த ஒரு பாதையின் தவிப்பைச் சொல்ல இடமே இல்லை. அலைவெண்ணை நான் இவ்வளவு புகழ்ந்தாலும், அது சொல்லக்கூடியதை மட்டும்தான் சொல்லும்.

மனிதர்கள் சொன்னதைச் செய்தால் எந்த வழியில் சொன்னால் என்ன, குறை ஒழுக்கத்தில்தானே, என்பார்கள். பாதி உண்மை. ஆனால் தென்மண்டலத்தின் சொந்த வரலாறே இதை மறுக்கிறது. 1990-களில் இங்கே அலைவெண் 48 ஹெர்ட்ஸ் வரை இறங்குவது சாதாரணம். மாநிலங்கள் தம் பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டே இருக்கும், மண்டல மையம் தொலைபேசியிலும் கடிதத்திலும் மன்றாடிக்கொண்டே இருக்கும். 2003 ஜனவரியில் தென்மண்டலத்துக்கு வந்த புதிய கட்டணமுறை செய்தியின் வழியையே மாற்றியது. ஷெட்யூலுக்கு மேல் எடுக்கும் மின்சாரத்தின் விலை அலைவெண்ணோடு கட்டப்பட்டது: 50.5 ஹெர்ட்ஸில் விலை பூஜ்யம், 49-ஐ ஒட்டி இறங்கினால் யூனிட்டுக்கு 4 ரூபாய் 20 காசு. இனி யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. மீட்டரைப் பார்த்தால் அந்த பிளாக்கின் விலை தெரியும். நெய்வேலி நிலையத்துக்குக் கூடுதலாக உற்பத்தி செய்வது லாபமா என்பது தெரியும், மாநில மையத்துக்குக் கூடுதலாக எடுப்பது நஷ்டமா என்பது தெரியும். அதே அதிகாரிகள், அதே மாநிலங்கள், அலைவெண் மட்டும் வெகுவாகத் திருந்தியது. ஒழுக்கம் ஒரே இரவில் வளர்ந்துவிடவில்லை. காசு கொடுத்தால் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற மனப்பான்மையை அந்த முறை வளர்த்தது என்ற குறையும் பிறகு சொல்லப்பட்டது, விதிகளும் பலமுறை மாறின. குறை நியாயமானதே. ஆனாலும் கடிதங்களால் ஆகாததை ஒரு மீட்டர் செய்தது என்ற உண்மை மாறவில்லை.

ஒப்புகையே கேட்கக் கூடாத இடங்களும் உண்டு. 2023 அக்டோபரில் தமிழ்நாட்டுக் கைப்பேசிகள் ஒரே நேரத்தில் அலறி, ஒரு சோதனைச் செய்தியைத் திரையில் காட்டியது நினைவிருக்கலாம். அது எஸ்எம்எஸ் அல்ல. ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கிற எல்லாக் கருவிகளுக்கும் எண்ணே தெரியாமல் ஒரே வீச்சில் போகும் செல் பிராட்காஸ்ட் முறை. ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாக எஸ்எம்எஸ் அனுப்பினால் நெரிசலில் புயல் கரையைக் கடந்த பிறகு வந்து சேரும். லட்சம் கைப்பேசிகள் ஒரே நொடியில் பதில் அனுப்பினால் கோபுரம் திணறும். எனவே இங்கே ஒருவழி அறிவிப்புதான் சரியான தேர்வு. ஆனால் பலன் அதே பாதையில் திரும்பாது என்பதால் வேறு பாதையில் அதை வரவழைக்க வேண்டும்: வி.ஏ.ஓ. தெருவில் இறங்கிப் பார்க்க வேண்டும், முகாமில் எத்தனை பேர் என்ற கணக்கு மணிக்கொருமுறை மேலே போக வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தை உலுக்கி, பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது மின்கம்பங்களும் ஆயிரக்கணக்கில் விழுந்தன. மின்சாரம் இல்லாத கோபுரம் எந்த முறையிலும் பேசாது. ஒருவழி அறிவிப்பை மட்டுமே நம்புகிறவருக்கு அந்தக் கோபுரத்தின் மௌனமும் கேட்காது.

இதன் மிகக் கொடிய வடிவத்தை 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலின்போது குமரி மாவட்டம் பார்த்தது. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மீனவர்கள் நாட்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிறவர்கள். எச்சரிக்கை வந்தபோது பலர் கைப்பேசி அலை எட்டாத தூரத்தில் இருந்தார்கள். கரையில் அறிவிப்பு வெளியானது, பதிவேட்டில் ஏறியது. கடலில் இருந்தவருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. அதன்பின் 2019-இல் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கையைப் பெறும் ஜெமினி என்ற கருவி வந்தது. நல்ல முன்னேற்றம், ஆனால் அது கேட்க மட்டுமே செய்யும். படகிலிருப்பவர் 'கேட்டேன், திரும்புகிறேன்' என்றோ 'எஞ்சின் நின்றுவிட்டது' என்றோ அதில் சொல்ல முடியாது. அதற்குப் பிறகுதான் இஸ்ரோவின் இருவழி டிரான்ஸ்பாண்டர்களை விசைப்படகுகளில் பொருத்தத் தொடங்கினார்கள். இந்த வரிசையைத் தொழில்நுட்ப வளர்ச்சியின் படிகள் என்று மட்டும் வாசிப்பது எனக்கு உடன்பாடில்லை. இருவழிச் செயற்கைக்கோள் தொடர்பு 2017-க்கு வெகு முன்பே உலகில் இருந்தது. எச்சரிக்கையை வெளியிடுவதே வேலை, அது எட்டுவது வேறொருவர் வேலை என்று பிரித்துவைத்திருந்த மனநிலைதான் அதைப் படகுக்குக் கொண்டுவரவிடாமல் தடுத்தது.

நெய்வேலியிலேயே இதன் சாயலைப் பார்க்கலாம். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாறு மாற்றுக் கால்வாய்க்காகக் கதிர் பிடித்த நெல் வயலில் இயந்திரங்கள் இறங்கிய காட்சி தமிழகத்தையே கொதிக்கவைத்தது. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது, பயிர் வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தோம் என்றது சுரங்கத்தை நடத்தும் என்.எல்.சி. தரப்பு. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றம். அந்தப் போராட்டத்தின் வேர் இழப்பீட்டிலும் வேலைவாய்ப்பிலும் இருந்தது. அறிவிப்புக் கோளாறுதான் காரணம் என்று சுருக்குவது அநியாயம். ஆனால் ஒன்றைக் கேட்கலாம். பயிர் வைக்காதே என்று சொல்லப்பட்ட நிலத்தில் நாற்று நட்டு, களையெடுத்து, கதிர் வரும்வரை மாதங்கள் ஓடியிருக்கின்றன. செய்தி செயலாகவில்லை என்பது சாலையில் போகிற எவருக்கும் பச்சைப்பசேலென்று தெரிந்திருக்கும். அந்தப் பச்சை ஒரு பதில். அதைப் படித்து மறுபடி பேச வேண்டிய கடமை யாருக்கும் இல்லாதபடிதான் நம் அறிவிப்பு முறைகள் அமைந்திருக்கின்றன. 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் அரசிதழிலும், வட்டார மொழி நாளிதழ் உட்பட இரு நாளிதழ்களிலும், ஊராட்சி அலுவலகத்திலும், இணையதளத்திலும் முதற்கட்ட அறிவிப்பை வெளியிடச் சொல்கிறது. முந்தைய சட்டத்தைவிட எவ்வளவோ மேல். என்றாலும் இவ்வளவும் ஒருவழிப் பாதைகள்தான். வெளியிட்டால் அறிந்ததாகக் கொள்ளப்படும்.

மென்பொருளில் இதெல்லாம் தானாகவே சரியாக அமைந்திருக்கும், நல்ல கருவியை வாங்கினால் போதும் என்று நம்புகிறவர்களுக்குக் காஃப்காவின் கதை ஒன்று போதும். லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவாகி 2011-இல் பொதுவெளிக்கு வந்த அந்தக் கருவியில், அனுப்பிய செய்தியை எத்தனை சர்வர்கள் எழுதிவைத்த பிறகு 'சேர்ந்தது' என்று எடுத்துக்கொள்வது என்பது ஒரு தேர்வு. நீண்ட காலம் இயல்பு அமைப்பாக ஒரே ஒரு சர்வரின் ஒப்புகை போதும் என்றே இருந்தது. அந்த ஒன்று மற்றவற்றுக்குப் பிரதி கொடுக்குமுன் செத்தால் செய்தி காற்றோடு போகும். 2021-இல் வந்த 3.0 பதிப்பில்தான் பொறுப்பிலுள்ள பிரதிகள் எல்லாம் எழுதிய பின்பே ஒப்புகை என்பதை இயல்பாக்கினார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த ஒரு அமைப்பைத் தொடாமலே எழுதப்பட்ட நிரல்களில் யாரும் தவறு செய்யவில்லை, யாரும் தேர்ந்தெடுக்கவும் இல்லை. தேர்ந்தெடுக்காததும் ஒரு தேர்வாகிவிட்டது. ராபிட்எம்க்யூவிலும் பெறுபவர் பெயரில் தானாகவே ஒப்புகை போட்டுக்கொள்ளும் ஒரு வசதி உண்டு. செய்தியைக் கம்பியில் ஏற்றிய கணமே அது பட்டுவாடா ஆனதாக எழுதிக்கொள்ளும், பெறுகிற நிரல் அந்த நொடியில் செத்துக் கிடந்தாலும்.

இத்தனை பார்த்தால் எந்தப் பணியும் நகராது, செலவு கட்டுப்படியாகாது என்ற எதிர்ப்பு கடைசியாக மிஞ்சுகிறது. இதை எளிதில் ஒதுக்க முடியாது. ஒவ்வொரு அடியிலும் பதிலுக்குக் காத்திருக்கும் அமைப்பில் ஒரு மூலையில் தாமதமானால் எல்லாம் முடங்கும். திரும்பத் திரும்ப அனுப்பினால் ஒரே செய்தி இரண்டு முறை போய், ஒரே பணம் இரண்டு முறை பிடிக்கப்படும். ஆனால் இந்தியாவிலேயே, பல கோடிப் பேர் அன்றாடம் பயன்படுத்தும் அளவில் இதற்கு விடை கண்டிருக்கிறோம். டீக்கடையில் யுபிஐ மூலம் பணம் அனுப்பி, திரை சுற்றிக்கொண்டே நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போயிற்றா இல்லையா என்று உங்களுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது; பல நேரம் உங்கள் வங்கிக்கும் அந்த நொடியில் தெரியாது. இந்த நிலை வராமல் தடுக்க முடியாது என்பதை ஏற்றுக்கொண்டுதான் அமைப்பு கட்டப்பட்டது. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனி எண் இருப்பதால் அதன் கதி என்ன என்று பிறகு விசாரிக்கலாம், அதே எண்ணை மறுபடி அனுப்பினாலும் இரட்டிப்பு ஆகாது. அதற்கு மேலே 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை வருகிறது. ஒருவர் கணக்கில் பிடித்து மற்றவர் கணக்கில் சேராத யுபிஐ பணத்தை மறுநாளுக்குள் திருப்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, வாடிக்கையாளர் புகார் கொடுக்காவிட்டாலும். கடைக்கும் ஏடிஎம்முக்கும் ஐந்து நாள் அவகாசம். தொலைந்த செய்திக்கு ஒரு கெடுவும், ஒரு விலையும், அதைக் கொடுக்க வேண்டியவர் யார் என்பதும் முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டன. அதனால் யுபிஐ மெதுவாகிவிடவில்லை. நம்பிக்கை வளர்ந்ததால்தான் அது டீக்கடைவரை வந்தது.

பணத்துக்குச் செய்ததை மற்றவற்றுக்குச் செய்ய என்ன தடை? முதியோர் உதவித்தொகை நிறுத்தப்பட்டதாக ஒரு எஸ்எம்எஸ், பட்டா மாறுதல் மனு நிராகரிக்கப்பட்டதாக ஒரு எஸ்எம்எஸ், இத்தனை தேதிக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று இன்னொரு எஸ்எம்எஸ். எண் மாறியிருக்கலாம், சிம் பேரனிடம் இருக்கலாம், வாசகம் மாதிரியோடு பொருந்தாமல் வழியில் தடுக்கப்பட்டிருக்கலாம். கெடு மட்டும் அனுப்பிய நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. அரசுத் துறைகள் மென்பொருளுக்கு டெண்டர் விடும்போது பாதுகாப்பு, வேகம், சர்வர் திறன் என்று பக்கம் பக்கமாக நிபந்தனை எழுதுகின்றன. அதில் ஒரே ஒரு அட்டவணையைச் சேர்க்கச் சொல்கிறேன். அமைப்பு அனுப்பும் ஒவ்வொரு வகைச் செய்திக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: சேராவிட்டால் யாருக்குத் தெரியும், எவ்வளவு நேரத்தில் தெரியும், தெரிந்ததும் அடுத்த வழி எது. நாளைய மின்தடை அறிவிப்புக்கு இந்தக் கட்டங்கள் காலியாக இருந்தால் பாதகமில்லை, பக்கத்து வீட்டார் சொல்லிவிடுவார்கள். ஓய்வூதியம் நிறுத்தும் ஆணைக்கு அவை காலியாக இருந்தால், அந்த எஸ்எம்எஸ்ஸை வைத்து மேல்முறையீட்டுக் கெடுவைத் தொடங்கக் கூடாது, வி.ஏ.ஓ.வோ தபால்காரரோ கையெழுத்து வாங்கிய தேதியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.